தூக்கினால் ஓடும் கார்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. போன வாரம் அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், தாங்களே செய்த பேட்டரி கார்களை வராந்தாவில் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்று வழி தவறிச் சரிவில் இறங்கி, என் கொல்லைக் கதவுக்குள் நுழைந்து, நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் முட்டி நின்றது. நின்ற பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தாள்.

"பாட்டி, சுவிட்சு பின்னாடி இருக்கு, அமுக்குங்க!"

நான் அமுக்காமல் காரைக் கவிழ்த்துப் பார்த்தேன். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். 'நூல் போட்டாலும் ஓடும்' என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல நினைத்தது கதவு வரை வந்து, செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு, அப்படியே உள்ளே திரும்பிவிடும். அவள் காரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சொல்லாமல் விட்டது அன்று முழுவதும் மனசுக்குள் உருண்டுகொண்டே இருந்தது.

நான் சின்னாளபட்டியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நாங்களும் கார் செய்தோம். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. எங்கள் வாத்தியார் மதுரைக்குப் போயிருந்தபோது பழைய சாமான் கடையில் உடைந்த வெளிநாட்டுப் பொம்மைகளைக் கிளறி, சுண்டைக்காய் அளவில் மூன்று மோட்டார்களைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். வகுப்பை மூன்று கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒன்று கொடுத்தார். "மோட்டார் நான் தாரேன். டார்ச் லைட்டு பேட்டரிக்கட்டை நான் தாரேன். மிச்சமெல்லாம் உங்க மூளை" என்றார். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தொட வேண்டும். நன்றாக ஓடுகிற கார் திண்டுக்கல்லில் நடக்கும் கண்காட்சிக்குப் போகும்.

எங்கள் கூட்டத்தில் பேருக்கு நிறையப் பேர். வேலை செய்தது நானும் என் அத்தை மகனும்தான். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். அதனால் அவனிடம் ஸ்போக் கம்பிக்கும் வால்டியூபுக்கும் பஞ்சமில்லை. கையில் எப்போதும் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி ஒன்று வைத்திருப்பான். கதவுக் கீல் கிறீச்சென்றாலும் ஓடிப்போய் ஒரு சொட்டு விடுவான். பள்ளிக்கூடத்து மணியில்கூட ஒருமுறை விட்டு அடி வாங்கியிருக்கிறான்.

தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்தோம். ஸ்போக் கம்பி அச்சானது. அந்த அச்சு சுழல்வதற்கு, எங்கள் வீட்டுத் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற நாணல் குழலை நான் எடுத்து வந்தேன். காரின் உடம்பு சேலை வைத்து விற்கிற அட்டைப்பெட்டி. அதன் மூடியில் ஒரு பெண் சேலை கட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பாள். காரில் அவள் மல்லாக்கப் படுத்திருந்தாள்.

"ஏ புள்ள, ஒங்க காருல பொணத்த ஏத்திக்கிட்டா போறீக?" என்று மற்றக் கூட்டத்துப் பையன்கள் கேலி செய்தார்கள். அத்தை மகன் உடனே அவளுக்கு மையால் ஒரு ஸ்டியரிங் வரைந்து கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் படுத்தபடியே வண்டி ஓட்டினாள்.

ஆனால் கார்தான் ஓடவில்லை. மோட்டாரின் தண்டிலேயே சக்கரத்தைச் செருகியிருந்தோம். கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும். தரையில் வைத்தால் ம்ம் என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும்.

"தூக்குனா சுத்துது, வெச்சா நிக்கிது. எங்க சின்னத் தம்பி மாதிரியே இருக்கு" என்றான் அத்தை மகன்.

வழி கிடைத்தது ராட்டையில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. ராட்டையின் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினால், கயிறு மாலை போல ஓடி, மறுபக்கம் இருக்கிற சின்னக் கதிரை வேகமாகச் சுற்றவைக்கும். கதிரில் மாட்டிய குழலில் நூல் ஏறும். ஒருநாள் நூல் சிக்கிக்கொண்டது. சிக்கெடுப்பதற்காகக் கதிரை விரலால் திருப்பினேன். பெரிய சக்கரம் மெதுவாக அசைந்தது. மறுகையால் அதை நிறுத்திப் பார்த்தேன், லேசில் நிற்கவில்லை. சின்னது பெரியதைச் சுற்றினால் வேகம் குறைகிறது, பலம் வருகிறது. இதை வாயால் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையைப் பிடித்து இழுத்து வந்து, கதிரைத் திருப்பிக் காட்டினேன். அவன் கையில் சோற்றுப் பருக்கையோடு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அடியே! சைக்கிள்ல பெரிய பல்லு முன்னாடி இருக்கும். நாம அத பின்னாடி வெக்கணும்!"

செருப்பில் இன்னொரு பெரிய வட்டம் வெட்டி, கயிறு உட்காரப் பள்ளம் வைத்து, அச்சில் கோத்தோம். மோட்டார் தண்டில் வழுக்காமல் இருக்க வால்டியூப் ரப்பர்த் துண்டு மாட்டினோம். இரண்டுக்கும் நடுவே, கழிவு நூலை மூன்று புரியாக முறுக்கி நான் செய்த கயிறு. முடிச்சுப் போட்டது அவன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. அது மோட்டார் பக்கம் வரும்போதெல்லாம் கார் ஒரு முறை விக்கும். ஆனாலும் ஓடியது. எங்கள் தறி வீட்டுத் தரையில் கார் விக்கி விக்கி ஓடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடிய கார் நிற்கத் தெரியாமல், அப்பா உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த தறிக் குழிக்குள் விழுந்தது. அப்பாவின் காலடியில் கிடந்து சக்கரத்தைச் சுற்றியது. தறிச் சத்தம் நின்றது. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அப்பா குனிந்து அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு அதை மேலே வைத்து, என் பக்கம் பார்க்கும்படி திருப்பி, விட்டார். கார் என்னிடம் வந்தது. அப்பா மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

அப்பா பேசிக் கேட்பதே அபூர்வம். வீட்டில் பேச்சு முழுவதும் பெரியப்பாவினுடையது. தறிகளும் அவர் பொறுப்பு. நூல் வாங்குவது, சேலை கொடுப்பது, யார் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது, எல்லாம் அவர் சொன்னால்தான். கெட்டவர் இல்லை. வெளியே போனால் எங்களுக்குக் காராச்சேவு இல்லாமல் வரமாட்டார். அந்த வருடம் ஒருநாள் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு அஞ்சு போதும். இந்த வருசத்தோட நின்னுக்கிரட்டும். தார் சுத்த ஆளு வேணும்ல?"

தார் சுற்றுவது என்றால் குழலில் நூல் ஏற்றுகிற அந்த ராட்டை வேலைதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அவருக்கும் அதே எண்ணம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

இதை வாத்தியாரிடம் போட்டு உடைத்தவன் அத்தை மகன். "சார், இவ அடுத்த வருசம் ஆறாப்புக்கு வரமாட்டா சார். வீட்ல நிப்பாட்டப் போறாக." வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் கால் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"ஏம்மா, அப்படியா? சரி, ஒண்ணு செய். உன் காரு கோட்டத் தொடட்டும். அதக் கையிலயே எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வாரேன். இம்புட்டு யோசிக்கிற புள்ளைய நிப்பாட்டாதீகன்னு உங்க பெரியப்பாகிட்ட நானே பேசுறேன்."

அதன் பிறகு எனக்குக் கண்காட்சி மறந்துபோனது. கார் கோட்டைத் தொட வேண்டும், வாத்தியார் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் சாயந்தரம் கடைசியாக ஓட்டிப் பார்த்தோம். விக்கிக்கொண்டேதான், ஆனால் நிற்காமல் ஓடியது. அச்சில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான் அத்தை மகன். காரைத் தறிக்கு மேல் இருந்த பலகையில் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பாவுக்குக் கஞ்சி போடும் முறை. தறியில் ஏற்றப்போகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியை அதன் மேல் தடவி, காய்வதற்குள் நீவிவிடுவார்கள். அப்படிச் செய்தால்தான் நூல் அறாமல் தறியில் தாக்குப்பிடிக்கும். அப்பாவும் பெரியப்பாவும் தெருவில் நின்றார்கள். நான் தலை பின்னிக்கொண்டு, காரை எடுத்து, ஒருமுறை பார்த்தேன். கயிறு முதல் நாளைவிட வெள்ளையாக, விறைப்பாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது. புளியங்கொட்டை முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கப் போகிறது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

முதலில் ஓடியது ஒரு லாரி டிரைவர் மகன் இருந்த கூட்டத்தின் கார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர் அவன் அப்பா. காருக்கு விபூதிப் பட்டை, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும், பின்னால் 'ஒலி எழுப்பவும்'. எல்லாம் சரி, சக்கரத்துக்கு அடியில் முழு எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்துவிட்டான். கார் அதில் ஏற முடியாமல் முட்டிக்கொண்டு அழுதது.

"பழத்த எடுலே" என்றார் வாத்தியார்.

"நசுக்காம புது வண்டி எடுக்கக் கூடாது சார். எங்கப்பா வையும் சார்."

"அப்ப ஒரு மிளகு வையி. ஒன் காருக்கு அதுவே எலுமிச்சம்பழம்."

யாரோ சத்துணவுக் கூடத்துக்கு ஓடிப்போய் மிளகு வாங்கி வந்தார்கள். நசுங்கியதோ இல்லையோ, கார் கோணல்மாணலாகப் போய், சுவரில் இடித்து, ஒருவழியாகக் கோட்டைத் தொட்டுவிட்டது. இரண்டாவது கூட்டத்தின் காரில் பாதி வழியில் பேட்டரிக்கட்டை கழன்று விழுந்தது.

பிறகு எங்கள் முறை. நான் காரைத் தரையில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், பள்ளிக்கூட வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே வந்தது அதுவே முதல் தடவை. பாவு வேலையைப் பாதியில் விட்டு வந்திருப்பார் போல. முழங்கை வரைக்கும் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது. தார் சுற்ற ஆளில்லை என்று என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்று அவசரமாகக் கம்பியைச் சேர்த்தேன்.

மோட்டார் சுற்றியது. கயிறு அசையவில்லை. பெரிய வட்டம் அசையவில்லை. சேலைக்காரி படுத்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள். லேசாகத் தள்ளிவிட்டேன். கையளவு தூரம் போய் நின்றது. இன்னொரு தடவை தள்ளினேன். பையன்கள் "தள்ளு தள்ளு, பொண வண்டியத் தள்ளு" என்று பாட ஆரம்பித்தார்கள்.

வாத்தியார் குனிந்து கயிற்றைத் தொட்டார். விரலை உரசிப் பார்த்தார். "எண்ணெய் பட்டிருக்கே. வழுக்குது. யாரு கயித்துல எண்ணெய் விட்டது?"

எண்ணெய் என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்தான். வாய் பேசாத பிள்ளைக்குக் கைதான் பேசும். அத்தை மகன் மேல் பாய்ந்து முழங்கையில் பிறாண்டிவிட்டேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அழுதுகொண்டே, "சாமி சத்தியமா நான் அச்சுலதான் விட்டேன். கயித்தத் தொடவே இல்ல புள்ள" என்றான். எண்ணெய்க் குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் அப்படிச் சொன்னதை யார் நம்புவார்கள்?

அப்பா உள்ளே வந்தார். வாத்தியாருக்கு முன்னால் நின்றார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"புள்ள மேல தப்பு இல்லைங்க சார்."

"தப்புன்னு யாரு சொன்னது? நல்லா யோசிச்சுச் செஞ்சிருக்கு" என்றார் வாத்தியார்.

அப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாத்தியாரும் நின்றார். அதற்குள் ஜெயித்த கூட்டம் "சார், மாலை போடணும் சார், மாலை" என்று அவரை இழுத்துக்கொண்டு போனது. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "வா ஆத்தா, போவோம்" என்று என் தலையில் கை வைத்தார். கையிலிருந்து காய்ந்த கஞ்சி உதிர்ந்து என் பின்னல் மேல் விழுந்தது. ஊரார் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் இரண்டு வார்த்தை பேசினாரே, அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. நேராக ராட்டையில் போய் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஆண்கள் அந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

"என்னடா, பொம்பள வேலையில எறங்கிட்ட?" என்று பெரியப்பா சிரித்தார்.

அப்பா ராட்டையை நிறுத்தவில்லை. என்னிடம் மட்டும், "நீ போயி செத்த நேரம் விளையாடு" என்றார். அடுத்த வருடத்திலிருந்து நான் உட்காரப் போகிற இடத்தை இப்போதே எனக்காகச் சரிபண்ணிவைக்கிறார் என்று நினைத்தேன். கார் ஓடாதது அவருக்கு நிம்மதி என்றும் நினைத்தேன். அன்று ராத்திரி அவர் பக்கத்தில் படுக்காமல் அம்மாவின் மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வாத்தியார் லாரிக்காரன் மகனோடு திண்டுக்கல்லுக்குப் போனார். பிறகு பரீட்சை வந்தது, பள்ளிக்கூடம் மூடியது, அவருக்கும் நத்தம் பக்கம் மாற்றலாகிவிட்டது. நான் ராட்டையில் உட்கார்ந்தேன்.

சில வருடம் கழித்து, அம்மாவுக்கு உடம்பு முடியாத ஒருநாள், பாவுக்குக் கஞ்சி கலக்க அப்பா என்னைக் கூப்பிட்டார். அதுவரைக்கும் அது எனக்குத் தெரியாத வேலை. கஞ்சியைக் கரைத்து முடித்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடு ஆத்தா. அப்பத்தான் நூலு எதுலயும் பிடிக்காம வழுக்கிக்கிட்டுப் போகும்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கிண்ணத்தை வாங்கிய என் கையும் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரிலும் பாயிலும் அடிக்கிற வாசனை அந்தக் கஞ்சி வாசனை. அதனால்தான் அன்று என் கையிலேயே இருந்தும் கயிற்றில் அது என் மூக்குக்கு எட்டவில்லை. அந்தக் காணாமல்போன முடிச்சும் ஞாபகம் வந்தது. சைக்கிள் கடைப் பையனுக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரியாத முடிச்சு போட வராது. அறுந்த இழையை நாள் முழுக்க முடிந்துகொண்டிருக்கிற கைக்குத்தான் வரும்.

நான் இரண்டு சொட்டு விட்டேன். அவர் கலக்கினார்.

அத்தை மகனைத்தான் பிறகு எனக்குக் கட்டி வைத்தார்கள். கல்யாணத்துக்கு முந்தியே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "மாமனாரு தடவுன எண்ணெய்க்கு மருமகன் பிறாண்டு வாங்கினேனாக்கும்" என்று சிரித்தார். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஏதாவது வாக்குவாதம் வந்தால் சட்டைக் கையை மடித்து அதைக் காட்டுவார். நான் அதற்கு மேல் பேசமாட்டேன்.

அப்பா ஏன் அந்தக் கயிற்றுக்குக் கஞ்சி போட்டார் என்பது கஞ்சி கலக்கிய அன்றே எனக்கு விளங்கிவிட்டது. நூல் அறாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் ஏன் அதை அவ்வளவு மெனக்கெட்டுச் செய்தார் என்பது விளங்க இன்னும் ரொம்ப நாள் ஆனது. அம்மா எந்தச் சத்தியத்தையும் ஒரு ராத்திரிக்கு மேல் வைத்திருந்ததில்லை. கார் ஓடினால் வாத்தியார் வருவார், பெரியப்பாவிடம் பேசுவார் என்பது அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து 'புள்ள படிக்கட்டும்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராதது எங்கிருந்து வந்தது என்று நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை.

வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வர வேண்டுமே என்று அன்று அந்தக் கார் முன்னால் நின்று தவித்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் கஞ்சி காயக் காய, வாசலில் இன்னொருவரும் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.